461 பெருசா, 212 பெருசா?

கணக்குல நான் கொஞ்சம் புலி. ப்ளஸ் டூ-வுல சென்டம். காலேஜ்ல ப்ராபபிலிட்டி பேப்பரைப் பார்த்து கிளாஸே அலறினப்ப, அரை மணி நேரம் முன்னாடியே எழுதி முடிச்சுட்டு கேன்டீன்ல பஜ்ஜி சாப்பிட்டவன். அந்தக் கொழுப்புலதான் 2021 அக்டோபர்ல ஒரு சேவலைச் சாகவும் விடாம, பிழைக்கவும் விடாம பண்ணினேன்.

இருங்க, ஓவர் பில்டப் வேணாம். முதல்லேர்ந்து சொல்றேன்.

எம்.எஸ். படிக்க எனக்குக் கிடைச்ச ஊர் புரூக்கிங்ஸ். அமெரிக்காவுல தெற்கு டகோடா மாநிலம். கலிஃபோர்னியா, நியூஜெர்சினு சீட் வாங்கின நம்ம செட்டு பசங்க, 'அந்த ஊர் அமெரிக்காவுலதான் இருக்கா மச்சி?'னு கலாய்ச்சாங்க. இருக்குப்பா! கண்ணுக்கு எட்டின வரை மக்காச்சோளக் காடு. நடுநடுவே கோரை மண்டின குட்டை. மிச்சமெல்லாம் வானம். ஆனா, அக்டோபர் மூணாவது சனிக்கிழமை வந்துட்டா, மொத்த மாநிலமும் தீபாவளிக்கு முந்தின நாள் தி.நகர் மாதிரி ஆயிடும். காரணம், ஃபெசன்ட்.

ஃபெசன்ட்டுங்கிறது நம்ம கோழி, மயில் எல்லாம் சேர்ந்த குடும்பத்துல ஒரு ஒண்ணுவிட்ட சொந்தம். சேவலுக்குப் பச்சைத் தலை, கழுத்துல வெள்ளை வளையம், செம்பு நிற உடம்பு, முழ நீள வால். ஊர்ல ஒரு கோயில் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போனா சாமியைவிட இதைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க. வேடிக்கை என்னன்னா, இது சீனாவுலேர்ந்து வந்த பறவை. 1908 வாக்குல ரெட்ஃபீல்ட்ங்கிற ஊர் பக்கம் விட்டப்பதான் தெற்கு டகோடாவுல நிலைச்சு நின்னுச்சாம். 1919-ல முதல் வேட்டை சீசன். 1943-ல மாநிலப் பறவையாவே ஆக்கிட்டாங்க. நமக்கு ஹெச்-1பி-க்கே நாக்கு தள்ளுது!

என் ரூம்மேட்டோட தாத்தாவுக்கு டி ஸ்மெட் பக்கம் நிலம் இருக்கு. புரூக்கிங்ஸ்லேர்ந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். 'சீசன் ஓப்பனிங்குக்கு வர்றியா?'னு அவன் கேட்டான். 'எங்க ஊர்ல கவுதாரியைச் சுட்டாலே 1972-ம் வருஷத்து வனவிலங்கு சட்டம் வந்து கதவைத் தட்டும்டா'ன்னேன். 'இங்கே லைசென்ஸ் வாங்கினா தட்டாது'ன்னான். அது நிஜம்தான். ஸ்டூடன்ட் விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கக் கூடாதுங்கிறது அந்த நாட்டுச் சட்டம். ஆனா, ஏதாவது ஒரு மாநிலத்தோட வேட்டை லைசென்ஸ் கையில இருந்தா விதிவிலக்கு. ஸோ, முதல்ல பாதுகாப்பு வகுப்பு, அப்புறம் லைசென்ஸ், அதுக்கு அப்புறம்தான் துப்பாக்கி. ரூல்ஸும் சுலபம்தான். சேவலை மட்டும்தான் சுடலாம், பெட்டையைத் தொடக் கூடாது. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு மூணு. காலை 10 மணிக்கு ஆரம்பம், சூரியன் மறைஞ்சா க்ளோஸ்.

'பாவம் இல்லையாடா?'னு நீங்க கேக்கலாம். எங்க அம்மாவும் போன்ல கேட்டாங்க. சிக்கன் 65 சாப்பிடுறவன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற யோக்யதை எனக்கு இருக்கான்னு தெரியலை. பாவக் கணக்கு வேற இடத்துல வந்துச்சு, அதைத்தான் சொல்ல வர்றேன்.

துப்பாக்கி ரூம்மேட்டோடது. 12 கேஜ் பம்ப். தோட்டா மட்டும் நான் வாங்கணும். 'ஃபெசன்ட்டுக்கு 5-ம் நம்பர் வாங்கு, இல்லேன்னா 6. வேற எதையும் தொடாதே'னு மெசேஜ் பண்ணியிருந்தான்.

கடைக்குப் போனா தலை சுத்துச்சு. கொரோனா சமயத்துல அமெரிக்கா முழுக்க தோட்டாவுக்குத் தட்டுப்பாடு. பாதி அலமாரி காலி. மிச்சம் இருந்த பெட்டிங்க மேல எல்லாம் நம்பர், நம்பர், நம்பர். கூகுள் பண்ணிப் பண்ணி அங்கேயே நின்னு படிச்சேன். அப்பத்தான் தெரிஞ்சுது, இந்த ஏரியாவுல எல்லா நம்பரும் தலைகீழ்!

கேஜ்னா என்ன? ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் ஈயத்தை 12 சம உருண்டையா உருட்டினா, ஒரு உருண்டை எவ்வளவு பெருசோ, அதுதான் 12 கேஜ் துப்பாக்கிக் குழலோட உள் விட்டம். சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டையா உருட்டினா 20 கேஜ். நம்பர் ஏற ஏற குழல் சின்னதாகும். தோட்டாவுக்குள்ள இருக்கிற குட்டி உருண்டைங்களுக்கும் அப்படித்தான். அதுக்குத் தமிழ்ல ரவைன்னே பேர் இருக்கு, உப்புமா ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை. 8-ம் நம்பர் ரவை 2.3 மில்லிமீட்டர், 5-ம் நம்பர் 3 மில்லிமீட்டர். 17-லேர்ந்து நம்பரைக் கழிச்சா இன்ச்சுல நூத்துல எத்தனை பங்குன்னு வந்துடும். 17-ல 5 போனா 12, ஆக 0.12 இன்ச். எப்படி இருக்கு ஃபார்முலா?

எனக்குக் குஷி ஆயிடுச்சு. நம்ம ஏரியாவாச்சே! செல்போன் கால்குலேட்டரைத் தட்டினேன். 5-ம் நம்பர் ஈய ரவை ஒரு அவுன்ஸுக்கு 170. அந்தப் பெட்டி தோட்டாவுல ஒண்ணேகால் அவுன்ஸ், ஸோ 212 ரவை. பக்கத்துல இருந்த 8-ம் நம்பர் பெட்டியில ஒண்ணே அரைக்கால் அவுன்ஸ். ஒரு அவுன்ஸுக்கு 410. மொத்தம் 461! விலையைப் பார்த்தா, 5-ம் நம்பர் 25 தோட்டா 27 டாலர். 8-ம் நம்பர் 25 தோட்டா 10 டாலர். 461 ரவை பறந்தா பறவை மேல பட சான்ஸ் அதிகமா, 212 பறந்தா அதிகமா? பாதிக்கும் குறைஞ்ச விலையில ரெண்டு மடங்குக்கும் மேல ரவை! இதுகூடத் தெரியாம இந்த வெள்ளைக்காரங்க காசைக் கரியாக்குறாங்களேன்னு பரிதாபப்பட்டு, 8-ம் நம்பரை வாங்கிட்டு வந்தேன். பெட்டி மேல பறவைக்குப் பதிலா ஆரஞ்சு கலர்ல ஒரு தட்டு படம் போட்டிருந்துச்சு. கவனிச்சேன், கண்டுக்கலை.

ரூம்மேட் கேட்டப்ப 'ஆங்... வாங்கிட்டேன்'னு மட்டும் சொன்னேன். என்ன நம்பர்னு சொல்லலை. மிச்சமான 17 டாலர்ல பீட்ஸா சாப்பிட்டதையும் சொல்லலை.

சனிக்கிழமை. காலையில புல்லு மேல லேசா உறைபனி. எங்க எல்லாருக்கும் ஆரஞ்சு தொப்பி, ஆரஞ்சு கோட்டு. ரோட்டுல பள்ளம் தோண்டுற ஆளுங்க மாதிரி இருந்தோம். தாத்தா எழுபது தாண்டினவர், வயசு நடையில தெரியலை. 'சார்'னு கூப்பிட்டேன். 'சார்னா எங்கப்பா'ன்னு சிரிச்சார். ஆனா, வேற எப்படிக் கூப்பிடறதுன்னு எனக்கு வரலை, கடைசி வரை சார்தான். பெல்லான்னு ஒரு கறுப்பு லாப்ரடார். நாங்க நாலு பேர் வரிசையா மக்காச்சோளத் தட்டைக்குள்ள நடக்கணும். தாத்தா அந்தக் கோடியில நிப்பார்.

இருபது நிமிஷத்துல என் கால் பக்கத்துலேர்ந்தே ஒரு சேவல் கிளம்புச்சு. சத்தியமா சொல்றேன், பழைய ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகுற மாதிரி ஒரு சத்தம். பதினஞ்சு கெஜ தூரம்தான் இருக்கும். சுட்டேன். பொத்துனு விழுந்துச்சு. பெல்லா கவ்விட்டு வர்றதுக்குள்ள உயிர் போயிருந்தது. ரூம்மேட் முதுகுல தட்டினான். எனக்குத் தலை கால் புரியலை. பத்து டாலர் தோட்டா! கணக்குன்னா கணக்கு!

ரெண்டாவது சேவல் அப்படி வரலை. முன்னாடியே ஓடி, வரிசையோட முனையில எழும்புச்சு. நாப்பது கெஜம் இருக்கும். நானும் சுட்டேன். இறகு பறந்ததைப் பார்த்தேன். ஒரு கால் தொங்குச்சு. ஆனா, விழலை. ஒரு பக்கமா சாய்ஞ்சு, இறக்கையை அடிக்காம அப்படியே சறுக்கிட்டுப் போய்க் குட்டை ஓரக் கோரைக்குள்ள இறங்கிடுச்சு.

தாத்தா வந்தார். கையை நீட்டினார். என் பையிலேர்ந்து ஒரு தோட்டாவை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டுப் படிச்சார். ஒரு வார்த்தை பேசலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். பெல்லாவைக் கூப்பிட்டுக்கிட்டுக் கோரைக்குள்ள இறங்கிட்டார். முழங்கால் வரைக்கும் சில்லுன்னு தண்ணி. நாங்க எல்லாரும் இறங்கினோம். முக்கால் மணி நேரம் தேடினோம். ஃபெசன்ட் அடிபட்டா பறக்காது, ஓடும். கோரைக்கு நடுவுல எலி மாதிரி நுழைஞ்சு ஒளிஞ்சுக்கும். பெல்லா ரெண்டு தடவை மோப்பம் பிடிச்சா, ரெண்டு தடவையும் தண்ணியில விட்டுட்டா.

'உன் கணக்குல ரெண்டு ஆச்சு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி'ன்னார் தாத்தா.

'சார், அது கிடைக்கலையே?'

'கிடைக்கலைன்னா செத்துப் போகாதா?'

துப்பாக்கியைக் காலி பண்ணி வண்டியில வெச்சுட்டு, மிச்ச நேரம் வெறும் கையோட நடந்தேன். ராத்திரி அவர் சமையலறை மேஜையில ஒரு பழைய நோட்டு. வருஷம், தேதி, யார் எத்தனைன்னு வரிசையா. என் பேருக்கு நேரே '2'ன்னு எழுதி, அதுல ஒண்ணுக்கு வட்டம் போட்டார். மத்த வருஷங்கள்லயும் அங்கங்கே வட்டம் இருந்தது. அவர் பேருக்கு நேரேயும்தான்.

அடுத்த சனிக்கிழமை ரூம்மேட்டும் நானும் மறுபடி போனோம். முதல்ல அந்தக் கோரையில ஒரு ரவுண்டு தேடினேன். ஒண்ணும் இல்லை. நரி எடுத்திருக்கும்னாங்க.

அன்னைக்கு வேட்டை இல்லை, டியூஷன்! தாத்தா முதல்ல என் கோட்டு பாக்கெட் எல்லாத்தையும் கவுத்துக் கொட்டச் சொன்னார். எங்கேயாவது மஞ்சள் தோட்டா இருக்கான்னு பார்த்தார். 20 கேஜ் தோட்டாவை எப்பவும் மஞ்சள் கலர்லதான் செய்றாங்க. காரணம் பயங்கரம். அது தப்பித்தவறி 12 கேஜ் துப்பாக்கியில போயிட்டா, குழலுக்குள்ள வழுக்கிப் போய்ச் சிக்கிக்கும், வெளியே தெரியாது. அதுக்குப் பின்னாடி 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டா குழல் வெடிக்கும். விரல் போகலாம், கண்ணு போகலாம். நான் போட்டிருந்த கோட்டு அவர் பொண்ணோடதாம், அவங்க துப்பாக்கி 20 கேஜ். போன வாரம் இதைச் செய்ய மறந்துட்டேனேன்னு தன்னையே திட்டிக்கிட்டார். எனக்கு வயித்துல புளி கரைச்சுது.

அப்புறம் ஆளுயரத்துக்கு ஒரு பிரவுன் பேப்பரைச் சட்டத்துல ஒட்டி, நாப்பது கெஜம் அளந்து நிறுத்தினார். பின்னாடி ஒரு பழைய டெலிபோன் டைரக்டரியைக் கட்டினார். 8-ம் நம்பரைப் போட்டுச் சுடச் சொன்னார். கிட்டே போய், ஓட்டை அடர்த்தியா இருந்த இடத்துல 30 அங்குல விட்டத்துக்கு வட்டம் வரைஞ்சோம். பார்க்கவே அழகு. சல்லடை மாதிரி ஓட்டை! எனக்கு உள்ளுக்குள்ள ஒரு அல்ப சந்தோஷம், 'பார்த்தீங்களா, கணக்கு சரிதானே?'னு. அடுத்து புதுப் பேப்பர், 5-ம் நம்பர். ஓட்டைங்க பாதிக்கும் குறைச்சல். இடைவெளி தெரிஞ்சுது.

'சரி, இப்போ புஸ்தகத்தைப் பிரி'ன்னார்.

டைரக்டரியைப் பிரிச்சுப் பார்த்தப்பதான் விஷயம் புரிஞ்சுது. 8-ம் நம்பர் ரவை எல்லாம் முன் பக்கங்கள்லயே நசுங்கி உக்காந்திருந்துச்சு. 5-ம் நம்பர் அதைத் தாண்டி நல்லா உள்ளே போயிருந்துச்சு. நான் எண்ணினது ரவையை. எடையை எண்ணவே இல்லை. ஒரு 8-ம் நம்பர் ரவை 0.07 கிராம். 5-ம் நம்பர் 0.17 கிராம், கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு. கனம் குறைஞ்ச ரவையைக் காத்து சீக்கிரமே தடுத்துடும். பதினஞ்சு கெஜத்துல எல்லா ரவையும் வேகமாத்தான் இருக்கும், முதல் சேவல் அதனாலதான் விழுந்துச்சு. நாப்பது கெஜத்துல 8-ம் நம்பர் இறகையும் தோலையும் கிழிக்கும், எலும்பை உடைச்சு நுரையீரல் வரைக்கும் போகத் தெம்பு இருக்காது. அஞ்சாறு ரவை உள்ளே வரைக்கும் போனாப் போதும், பறவைக்கு வலி தெரியறதுக்குள்ள முடிஞ்சுடும்ங்கிறது தாத்தா கணக்கு. பத்துப் பன்னெண்டு மேலோட்டமா பட்டா, அது உயிரோட ஓடும். எவ்வளவு நாளைக்குன்னு நான் அவரைக் கேக்கலை.

பெட்டி மேல இருந்த ஆரஞ்சு தட்டு ஞாபகம் இருக்கா? அந்தத் தோட்டா, வானத்துல வீசுற களிமண் தட்டை உடைக்கிறதுக்கானது. ஒரு ரவை பட்டாலே தட்டு உடையும். தட்டுக்கு நுரையீரல் கிடையாது.

இன்னொரு சமாசாரம், குழல் முனையில மாட்டுற சோக். தண்ணி ஹோஸ் முனையை விரலால அழுத்துற மாதிரி ரவை விரியறதைக் கட்டுப்படுத்தும். நாப்பது கெஜத்துல அந்த 30 அங்குல வட்டத்துக்குள்ள இம்ப்ரூவ்டு சிலிண்டர் சோக் பாதி ரவையையும், மாடிஃபைடு 60 சதவிகிதத்தையும், ஃபுல் 70 சதவிகிதத்தையும் அனுப்பும்னு ஒரு பொதுக் கணக்கு. சீசன் ஆரம்பத்துல பறவை கிட்டத்துலேர்ந்து எழும்பும், ஸோ விரிஞ்ச சோக், 5 இல்லேன்னா 6. பனி கொட்டின அப்புறம் தப்பிப் பிழைச்ச உஷார் சேவல்கள்தான் மிச்சம் இருக்கும். தூரத்துலயே எழும்பும், இறகும் தடிச்சிருக்கும். அப்போ மாடிஃபைடு, 4-ம் நம்பர். அதுக்கும் மேல தூரமா? 'அதுக்கு எந்தக் கடையிலயும் தோட்டா விக்கலை'ன்னார்.

ஈயமா, இரும்பாங்கிற சண்டை அந்த வீட்டுல தனி எபிசோட். தரையில சிந்தின ஈய ரவையைப் பறவைங்க கல்லுன்னு நினைச்சு முழுங்கும், இரைப்பையில அரைபட்டு விஷமாகும். அடிபட்டுச் செத்த பறவையைத் தின்ற கழுகுக்கும் அதே கதி. அதனால வாத்து வேட்டைக்கு ஈயத்தை 1991-லயே அமெரிக்கா முழுக்கத் தடை பண்ணிட்டாங்க. கலிஃபோர்னியாவுல 2019-லேர்ந்து எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. தெற்கு டகோடாவுல தனியார் நிலத்துல சுடலாம். ஆனா, குட்டையும் புல்வெளியுமா மத்திய அரசு பாதுகாக்கிற நீர்ப்பறவை நிலங்கள்ல ஈயம் பையில இருந்தாலே தப்பு. ரூம்மேட் ஸ்டீல் கட்சி. தாத்தா ஈயக் கட்சி. அவர்கிட்ட இருக்கிறது அவங்க அப்பாவோட பழைய ரெட்டைக்குழல், ஸ்டீல் ரவை போட்டா குழல் கெட்டுப்போகும். பிஸ்மத்னு ஒண்ணு இருக்கு, பழைய துப்பாக்கிக்கும் ஒத்துவரும், விலையைக் கேட்டா நமக்கு ஒத்துவராது.

நான் யோசிச்சுப் பார்த்தேன். என் சேவலை நரி எடுத்துச்சோ, கழுகு எடுத்துச்சோ, அதுக்குள்ள நான் வெச்ச ஈயமும் சேர்ந்துதான் போயிருக்கும். ஸ்டீலுக்கு மாறினேன். இங்கேயும் ஒரு கணக்கு இருக்கு, இந்தத் தடவை ஒழுங்காப் போட்டேன். இரும்பு, ஈயத்தைவிட லேசு. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், இரும்பு 7.8. அதனால ரெண்டு சைஸ் பெருசா எடுக்கணும். 5-ம் நம்பர் ஈயத்துக்குப் பதிலா 3-ம் நம்பர் ஸ்டீல். எடை கிட்டத்தட்ட சமமா வந்துடும். ஸ்டீல் ரவை நசுங்காது, அதிகம் சிதறாது, அதனால சோக்கை ஒரு படி தளர்த்தணும். மறுபடி பேப்பர், மறுபடி நாப்பது கெஜம். ஒரு பெட்டியில அஞ்சு தோட்டா பேப்பருக்கே போச்சு. காசு? அந்த மாசம் பீட்ஸா கட். இதுல ஒரு உபரித் தகவல், தோட்டா, துப்பாக்கி விலையில 11 சதவிகிதம் வரி உண்டு. 1937-ல போட்ட சட்டம், அந்தப் பணம் வனவிலங்கு பாதுகாப்புக்குத்தான் போகுது. மாணவர் சலுகை எல்லாம் கிடையாது, கேட்டுப் பார்த்தேன்!

நவம்பர் கடைசியில மறுபடி வரிசையில நடந்தேன். அன்னைக்கு ஒண்ணு சுட்டேன், இருபத்தஞ்சு கெஜம், பெல்லா போறதுக்கு முன்னாடியே அசைவு நின்னுருச்சு. ரெண்டு சேவலைச் சுடாம விட்டேன், ரெண்டுமே ரொம்ப தூரம். ரூம்மேட் 'ஏன்டா மச்சி?'ன்னான். மச்சிங்கிற ஒரு தமிழ் வார்த்தையைத்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன், அதை மட்டும் கரெக்டா யூஸ் பண்ணுவான்.

ராத்திரி தாத்தா வீட்டு அடுப்புல ஃபெசன்ட் பெப்பர் ஃப்ரை. புரூக்கிங்ஸ்ல மிளகு கிடைக்கும், கறிவேப்பிலைக்கு எங்கே போறது? அம்மா அனுப்பின பொடியைப் போட்டு ஒப்பேத்தினேன். தாத்தா ஒரு வாய் வெச்சதும் தண்ணி கேட்டார். ரெண்டாவது வாய்க்கு அப்புறம் கேக்கலை. மூணாவது வாயில 'டக்'னு ஒரு சத்தம். பல்லு போச்சோன்னு பதறிட்டேன். நாக்கால தள்ளி ஒரு ரவையை எடுத்துத் தட்டுல போட்டார்.

அவர் வீட்டு ஜன்னல்ல ஒரு ஜாம் பாட்டில் இருக்கு. சுத்தம் பண்றப்பவும் சாப்பிடறப்பவும் கிடைக்கிற ரவையை எல்லாம் அதுல போட்டு வெப்பார், பாதி பாட்டில் நிறைஞ்சிருந்துச்சு. ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துத் தட்டு பக்கத்துல கொண்டுவந்தார். என் ரவை ஓடிப் போய் ஒட்டிக்கிச்சு. 'இது உன்னோடதுதான்'னு சொல்லி பாட்டில்ல போட்டுட்டு, நோட்டை எடுத்து என் பேருக்கு நேரே '1'ன்னு எழுதினார். வட்டம் போடலை.